செண்பகம் மெஸ்ஸில் நாலு நாற்காலி

படித்தவர்கள் நாலு பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து யோசித்தால் நாட்டுக்கு நல்லது நடக்கும் என்று நம்புகிறவர்கள், ஒரு தரம் எங்கள் மேலவாசல்பட்டிக்கு வந்துவிட்டுப் போகலாம். கல்லூரிக்குப் பின்தெருவில் ‘சமூக, வணிக ஆய்வு மையம்’ என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. இடையில் எட்டடித் தெரு. அதனால் அவர்கள் எழுதுகிற ஒவ்வொரு தாளும் என் கண்ணில் படாமல் போவதில்லை.

இயக்குநர் முனைவர் அறவாழி. அவருக்குக் கீழே புகழேந்தி, மரியசூசை, தமயந்தி என்று மூன்று ஆய்வாளர்கள். எழுத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே செய்கிறவர்கள். ‘பெரிய எழுத்தில் நிரப்பவும்’ என்று போட்டிருந்த படிவத்தை, தாளுக்கு ஓர் எழுத்தாக நிரப்பி, அறுபது தாளையும் என்னிடம் நகல் எடுத்தவர் மரியசூசை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷர்கள்.

அவர்களுக்குப் படியளக்கிற மேலிடத்திலிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது. ‘பத்து வருஷமாக உங்களிடமிருந்து ஓர் அறிக்கைகூட வரவில்லை. தற்போது மக்களிடையே பேசப்படும் ஒரு தலைப்பில் ஒரு மாதத்துக்குள் ஆய்வு செய்து அனுப்பவும். தவறினால் மையம் மூடப்படும்.’

“மக்களிடையே பேசப்படும் தலைப்பு என்றால் மக்கள் பேசுவதைக் கேட்க வேண்டும்” என்றார் அறவாழி. நாலு பேரும் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தார்கள். முதல் நாள் கொசு, இரண்டாம் நாள் மூட்டுவலி, மூன்றாம் நாள் யாரோ ஒருவருடைய மருமகன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். நாலாம் நாள் ஒரு பூக்காரம்மா பக்கத்திலிருந்தவளிடம், “செண்பகம் மெஸ்ஸ மூடப்போறாவளாமே” என்றாள். அறவாழி எழுந்து நின்றுவிட்டார். ‘சிறு கடைகள் ஏன் மூடப்படுகின்றன?’ தலைப்பு கிடைத்துவிட்டது.

செண்பகம் அக்கா கடையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலே நாலு நாற்காலி. அதற்கு மேல் ஒன்று போட்டால் சாம்பார் வாளி உள்ளே நுழையாது. மத்தியானம் ஒருவர் எழுந்திருக்க ஒருவர் உட்கார என்று ஐம்பது பேர் சாப்பிடுவோம். அந்த அடுப்பை நம்பித்தான் அக்காவின் மகள் நர்ஸிங் படிக்கிறாள். கட்டடக்காரர் நமச்சிவாயம் அண்ணாச்சிக்கோ அந்த இடத்தை செல்போன் கடைக்கு விட ஆசை. “இந்த மாசம் வந்து பாப்பேன். கூட்டம் இருந்தா நீ இரு. ஈ ஓட்டிக்கிட்டு இருந்தா காலி பண்ணிரணும்” என்று சொல்லியிருந்தார். ஊரில் பரவியது அந்தப் பேச்சுதான்.

மேலிடம் ஒரு விதிமுறைப் புத்தகமும் அனுப்பியிருந்தது. நாலு நகல் எடுத்தவன் நான். விதி ஒன்று: அருகில் அமர்ந்து கவனிக்க வேண்டும். விதி இரண்டு: கவனிக்கப்படும் இடத்தில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தக்கூடாது. விதி மூன்று: அந்த இடத்தின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது.

மறுநாள் பதினொன்றரைக்கே நாலு பேரும் போய் நாலு நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“வாங்க சார். சாப்பாடா, தக்காளி சாதமா?” என்றார் அக்கா முகமெல்லாம் சிரிப்பாக.

“நாங்கள் சாப்பிடக்கூடாது அம்மா. சாப்பிட்டால் உங்கள் வியாபாரம் கூடிவிடும். அது மாற்றம்” என்றார் அறவாழி.

“தண்ணியாவது குடிங்க.”

“தண்ணீர் குறையும்” என்றார் தமயந்தி வருத்தத்தோடு.

விதி மூன்றை மறக்கவில்லை. பெயர்ப்பலகையை ஒரு சாக்கால் மூடிக் கட்டினார் மரியசூசை. அக்காவையும் முகத்தை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா கையிலிருந்த கரண்டியை ஒரு பார்வை பார்த்தார். அந்த இடத்தில் மட்டும் விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். உள்ளே பார்த்தார்கள். எதிர்வரிசையில் இருக்கிற வேலாயுதம் டிபன் சென்டருக்குப் போனார்கள். தமயந்தியின் நோட்டில் பிறகு பார்த்தேன்: ‘12.40. ஒருவர் வந்தார். உள்ளே பார்த்தார். பெருமூச்சு விட்டார். போய்விட்டார்.’ அந்த ஒருவர் நான்தான். வயிறு காந்தியது எனக்கல்லவா தெரியும்!

மூன்றாம் நாள் நான் வாசலில் நிற்கும்போதே விவாதம் நடந்தது.

“வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள். என்ன காரணமாக இருக்கும்?” என்றார் புகழேந்தி.

“அவர்களையே கேட்டுவிடலாமா?” என்றார் மரியசூசை.

“கேட்டால் யோசிப்பார்கள். யோசித்தால் மனம் மாறும். விதி இரண்டு” என்றார் அறவாழி.

“ஒருவேளை ரசத்தில் கோளாறோ?” என்றார் புகழேந்தி.

“ருசி பார்த்தால் ரசம் குறையும். விதி இரண்டு.”

தமயந்தி கொஞ்ச நேரம் யோசித்தார். “சார், நாம் எழுந்து நின்று பார்த்தால் என்ன?”

அம்மா தாயே, உன் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்தேன்.

“அமர்ந்து கவனிக்க வேண்டும் என்றுதானே போட்டிருக்கிறது?” என்றார் அறவாழி. தமயந்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாற்காலியை இன்னும் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்தா நமச்சிவாயம் அண்ணாச்சி வர வேண்டும்! எட்டிப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். “பரவால்லியே, நாலு நாற்காலியும் நிறைஞ்சு கெடக்கு!” அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அறவாழி எழுந்தார். உண்மைக்காக மட்டும்தான் அவர் நாற்காலியை விட்டு எழுவார். “ஐயா, தவறாக நினைத்துவிடாதீர்கள். நாங்கள் சாப்பிட வரவில்லை. மூன்று நாளாக இந்தக் கடையில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருக்கிறோம், பாருங்கள்” என்று நோட்டை நீட்டினார். அண்ணாச்சி ஒரு பக்கத்தையும் விடாமல் படித்தார். “சரிம்மா. அடுத்த வெள்ளிக்கிழம ஒரு தரம் வாரேன். அதுக்குமேல என்னையக் குத்தம் சொல்லாத” என்று போய்விட்டார்.

அக்கா போய் அடுப்பை அணைத்தார். வடித்த சோறெல்லாம் அப்படியே கிடந்தது. நானாக இருந்தால் அந்தச் சாம்பார் வாளியை நாலு பேர் தலையிலும் கவிழ்த்திருப்பேன். அக்கா புத்திசாலி.

மறுநாள் காலையில் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “சார், எங் கடைய மட்டும் பாத்தா போதுமா? எதிர்க்கட நல்லா ஓடுது. அதையும் பக்கத்துல உக்காந்து பாத்தாத்தானே ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எழுத முடியும்?”

“ஒப்பீட்டு ஆய்வு!” என்று அறவாழி நெகிழ்ந்துபோனார். சாக்கை அவிழ்த்துக்கொண்டு நாலு பேரும் எதிரே போனார்கள். அதுவும் அண்ணாச்சி கட்டின கட்டடம்தான், அதே அளவு, அதே நாலு நாற்காலி. அன்று மத்தியானம் நான் அக்கா கடையில் இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

எதிரே நிலைமை மோசம். ‘நேற்று வரை நிரம்பி வழிந்த கடை இன்று காலி. நோய் தெருவைத் தாண்டிவிட்டது’ என்று நோட்டில் ஏறியது. புகழேந்திக்கு முகம் வெளுத்துவிட்டது.

“சார், சொல்லவே பயமாக இருக்கிறது. நாம் போகிற கடையெல்லாம் படுத்துவிடுகிறது.”

நாலு பேரும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார்கள்.

“இதிலிருந்து என்ன தெரிகிறது புகழேந்தி?” என்றார் அறவாழி மெதுவாக.

“நாம்தான் சார்…”

“ஆமாம், நாம்தான். எந்தக் கடை படுக்கப்போகிறது என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இத்தனை வருஷ அனுபவம் வீண் போகுமா?”

மூன்றாம் நாள் வேலாயுதம் தோசைத் திருப்பியைத் தூக்கிக்கொண்டு நாலு பேரையும் தெருமுனை வரை விரட்டினார். ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று ஓடிக்கொண்டே எழுதிக்கொண்டார் தமயந்தி.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்தபோது செண்பகம் மெஸ் வாசலில் பன்னிரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தோம். அவருக்கே உட்கார இடமில்லை. நின்றுகொண்டே தக்காளி சாதம் சாப்பிட்டுவிட்டு, “இருந்துக்கோ தாயி” என்று கையைக் கழுவினார். செல்போன் கடை பஜார் பக்கம் போயிற்று.

திங்கட்கிழமை அறவாழி மட்டும் தயங்கித் தயங்கி வந்தார். “அம்மா, கடையை எப்போது மூடுவதாக உத்தேசம்?”

“மூடல சார்.”

“இப்படிச் சொன்னால் எப்படி? மூடாத கடையை வைத்துக்கொண்டு ஏன் மூடினது என்று எழுத முடியுமா? இன்னும் நாலே நாள். அறிக்கை போகவில்லை என்றால் எங்கள் மையத்தையே மூடிவிடுவார்கள்.”

அக்கா சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “அப்போ அதையே எழுதுங்களேன் சார். மூடப்போற எடம் அதுதானே?”

அறவாழி அக்காவின் காலில் விழாத குறைதான்.

அன்றே மையத்தின் பலகையில் சாக்கு ஏறியது. உள்ளே போனால் மையத்தில் மாற்றம் ஏற்பட்டுவிடும் என்பதால் கதவைப் பூட்டினார்கள். அருகில் அமர வேண்டும் என்பதால் நாலு நாற்காலியைத் தூக்கிவந்து என் கடை வாசலை அடைத்துப் போட்டுக்கொண்டார்கள். நாலு நாளும் எனக்கு ஒரு வாடிக்கையாளர் வரவில்லை.

“சார், உள்ள போய் வேலையப் பாருங்களேன். எல்லாருக்கும் நல்லது” என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“ஷ்! போனால் மையம் நடந்துவிடும். அப்புறம் ஏன் மூடுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது” என்றார் அறவாழி.

நோட்டு நிறைந்துகொண்டே வந்தது. ‘பத்து மணி. ஊழியர் யாரும் வரவில்லை.’ ‘பதினொரு மணி. இன்னும் வரவில்லை. காரணம் தெரியவில்லை.’

கடைசி நாள் மாலை அறவாழிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “அநியாயம்! சம்பளம் வாங்குகிறவர்கள் நாலு நாளாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு மெமோ அனுப்ப வேண்டும்” என்று எழுதி, என்னிடம் மூன்று நகல் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

தமயந்தி அதை வாங்கிப் பார்த்துத் தயங்கினார். “சார், இதில் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டுமே. அவரும் நாலு நாளாக வேலைக்கு வரவில்லை.”

அறவாழி நோட்டைப் புரட்டிச் சரிபார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“அந்த ஆளுக்கும் ஒரு நகல் எடுப்பா” என்றார் என்னிடம்.