தக்காளிச் செடி சொன்ன சாட்சி

அந்தக் காலத்தில், செடியும் அணிலும் மனிதரோடு பேசி வழக்காடிய காலத்தில், தக்காளிச் செடிக்கு வாசனையே கிடையாது. இலையைக் கசக்கினால் வெறும் பச்சைத் தண்ணீர்தான் வரும். அது எப்படி மாறியது என்று கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும்.

செவந்தாயி என்பவள் கொல்லையில் குட்டித் தக்காளி போட்டிருந்தாள். இப்போது செர்ரி தக்காளி என்கிறோமே, அதுதான். கோலிக்குண்டு அளவு, கல்கண்டு இனிப்பு. குச்சி ஊன்றி, வாழைநாரால் கட்டி, எருப் போட்டு வளர்த்தாள். எல்லாம் மசக்கையில் கிடந்த மகளுக்காக. அந்தப் பெண்ணுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. இந்தப் பழம் ஒன்றுதான் வயிற்றில் தங்கியது.

ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் சிவந்ததெல்லாம் காணாமல் போயிருக்கும். காய் மட்டும் தொங்கும்.

அணில்தான் என்றான் அவள் கணவன் காத்தமுத்து. கொல்லையோர முருங்கையில் குட்டிகளோடு ஓர் அணில் குடியிருந்தது. முருங்கைப்பூ தின்று பிழைத்த அதற்குத் தக்காளியின் ருசிகூடத் தெரியாது. நான் தொடவே இல்லை என்று கத்திக் கத்திச் சொன்னது. யார் கேட்டார்கள்? காத்தமுத்து கல்லெடுத்து அடித்ததில் பாதி வால் மொட்டையானதுதான் மிச்சம்.

தின்றது அவனேதான். பல் தேய்க்க வேப்பங்குச்சி ஒடிக்கிற சாக்கில் கொல்லைக்குப் போய், நின்ற இடத்திலேயே கைநிறையப் பறித்து வாயில் போட்டுக்கொள்வான். பெற்ற மகள் சுருண்டு கிடக்கிறாள்; இவன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அணிலைத் திட்டுகிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பார்த்துக்கொண்டிருந்த செடி, செவந்தாயியிடம் சொல்லத்தான் செய்தது. கட்டின புருசன்மேலா பழி போடுகிறாய் என்று அவள் செடியையே அதட்டினாள்.

ஒருநாள் மகள் வெறும் வயிற்றோடு மயங்கி விழுந்தாள். செவந்தாயி ஆத்திரத்தில் அணில்கூடு இருந்த கிளையையே வெட்டச் சொல்லிவிட்டாள். கூட்டுக்குள் கண் திறக்காத குட்டிகள். காத்தமுத்துவோ, அவள் அரிவாள் எடுத்து வருவதற்குள் நாலு பழம் பறிக்கலாம் என்று செடிக்குள் கையை விட்டான்.

செடிக்கு வந்ததே கோபம். அடித்தண்டு முதல் நுனி இலை வரை உடம்பு சிலிர்த்து மயிர் எழும்பியது. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் கசப்பு ஒரு சொட்டாகத் திரண்டது. "என் பேச்சத்தான் யாரும் கேக்கல. இனி உன் கையே சொல்லட்டும்" என்று அத்தனையையும் அவன் கையில் தேய்த்தது.

அரிவாளை வாங்க அவன் கையை நீட்டியபோது செவந்தாயிக்குக் காட்டமாக ஒரு வாசனை அடித்தது. விரலெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பிசுக்கு. அவள் வாய் திறப்பதற்குள், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக, தக்காளிப் பக்கமே போகவில்லை என்றான். அவள் செடியில் ஓர் இலையைக் கிள்ளி மோந்தாள். அதே வாசனை. கையைக் கழுவச் சொன்னாள். கழுவக் கழுவத் தண்ணீர் மஞ்சளாக ஓடியது, வாசனை போகவில்லை.

"புள்ள வாய்க்குப் போறதத் தின்னுட்டு, ஒரு பாவமும் அறியாத சீவனையா வெட்ட வந்தீக?" என்றாள். அரிவாளைக் கொடுக்கவில்லை.

இலை கிள்ளிய அவள் விரலிலும் கறை ஏறியிருந்தது. எனக்கும் ஏன் என்று செடியிடம் கேட்டாள்.

"ஆள் பாத்து ஒட்டுனா அது சாட்சியா? வெட்டச் சொன்னது நீதான?" என்றது செடி.

மீதமிருந்த பழங்களை மகளுக்குக் கொடுத்துவிட்டு வந்து, அணிலிடம் மன்னிப்புக் கேட்டாள். அது மொட்டை வாலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தது. இலைக்கடியில் ஒளிந்து கிடந்த ஒரு பழத்தைத் தேடிப்பிடித்து அவள் கண்ணெதிரிலேயே கடித்தது.

"தண்டனைய முன்னாடியே வாங்கியாச்சு. திருட்டத்தான் இன்னும் செய்யாம இருந்தேன்" என்றது.

அன்று முதல்தான் தக்காளிச் செடியைத் தொட்டவர் கையில் அந்த வாசனையும் கறையும் ஒட்டிக்கொள்கின்றன. அணில் பழுத்த பழமாகப் பார்த்துக் கடிப்பதும் அன்று முதல்தான். அதன்மேல் கல்லெடுக்கிறவர்கள் முதலில் தங்கள் கையை மோந்து பார்த்துக்கொள்ளட்டும்.