ஒல்லிக் குண்டு, அகலக் குண்டு

கத்தாதீங்க அண்ணாச்சி. ஆமா, போர்டை அழிச்சது நான்தான். அதுக்கு ஏன் கோச் பேர இழுக்கீங்க?

கோச் பெர்னதெத் மேடத்தை இந்த ரைஃபிள் கிளப்ப விட்டு எடுக்கணும்னு எழுதிக் குடுத்தவனே நான்தானே? அந்தக் காயிதத்தத்தான் திருப்பிக் கேக்கேன். கமிட்டி ஓட்டெடுக்குறதுக்கு முன்னால கொஞ்சம் கேளுங்க.

எனக்கு நாப்பத்தேழு. அவங்களுக்கு இருபத்தொம்பது. அதுவே எனக்கு முள்ளு.

அன்னைக்கு போர்டுல எழுதியிருந்தாங்க: ரெண்டு தோட்டா, ஒரே குடும்பம். குண்டோட எடையும் ஒண்ணுதான், மருந்தோட அழுத்தமும் ஒண்ணுதான். அப்போ அகலக் குண்டுதான் குழல விட்டு வேகமா வெளிய வரும்.

"ஊசி வேகமாப் போவுமா, உலக்கை வேகமாப் போவுமா மேடம்?"ன்னு கேட்டேன்.

எல்லாரும் சிரிச்சீங்க.

ரெண்டு துப்பாக்கியும் எடுத்தேன். ரெண்டுக்கும் ஒரே பித்தளைக் குப்பிதான். வாய் மட்டும் ஒண்ணு ஒடுக்கம், ஒண்ணு அகலம். வேகம் காட்டுற மிஷின் முன்னால சுட்டேன்.

ஒல்லிக் குண்டு ஜெயிச்சுது. போர்டை அழிச்சேன்.

 அவங்க, நான் தூக்கிப் போட்ட காலித் தோட்டா டப்பா ரெண்டையும் எடுத்து என் முன்னால வச்சாங்க. போயிட்டாங்க.

நான் குனிஞ்சுகூடப் பாக்கல. வீட்டுக்குப் போயி புகார் எழுதினேன்.

மூணு நாள் கழிச்சுத்தான் டப்பாவப் படிச்சேன். ஒல்லிக் குண்டு எடை நூத்தி முப்பது கிரெய்ன். அகலக் குண்டு நூத்தியெம்பது.

பொடியனையும் பயில்வானையும் ஓட விட்டுட்டு, பொடியன் ஜெயிச்சான்னு மார் தட்டியிருக்கேன்.

ஆளில்லாத நேரமாப் பாத்து வந்தேன். ரெண்டுலயும் நூத்தியம்பது போட்டுச் சுட்டேன். ஒல்லி, செகண்டுக்கு ரெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பது அடி. அகலம், ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.

காது சுட்டுது அண்ணாச்சி. வெடிச் சத்தத்துல இல்ல.

நேரா அவங்ககிட்டப் போனேன்.

"மேடம், ஏன்?"

நம்ம ஆரல்வாய்மொழிக் காத்து ஊளையிட்டுட்டு இருந்துது. மடக்கின குடை ஒண்ண என் கையில குடுத்தாங்க.

"காத்து போற பக்கமா நீட்டுங்க சார்."

நீட்டினேன். ஒண்ணும் ஆகல.

எட்டிப் பட்டனை அமுக்குனாங்க.

குடை விரிஞ்சு என்னைய மூணு எட்டு இழுத்துட்டுப் போச்சு. ஒத்தச் செருப்பு முள்ளுக்குள்ள.

"குடை கனம் கூடிச்சா?"

"இல்ல."

"காத்து கூடிச்சா?"

கூடினது அகலம் மட்டும்தான். குடைய மடக்கினேன். செருப்ப எடுக்கல.

அப்பறமா, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா மேடம்"ன்னேன். அப்பவும் திமிர் அடங்கல பாருங்க.

"நீங்க எங்க சார் கேட்டீங்க? தீர்ப்புல்லா சொன்னீங்க."

என்னது? தனியாக் கூப்பிட்டு ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுதா? போர்டை நான் தனியாவா அழிச்சேன் அண்ணாச்சி?

நகருங்க. அவங்க மொகம் எனக்குத் தெரியணும்.

மேடம், அன்னைக்குச் சிரிச்ச அத்தன பேரும் இங்கதான் இருக்காங்க. இப்பக் கேக்கேன். என்னைய மாணவனா வச்சுக்குவீங்களா, மாட்டீங்களா? கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்க மாதிரி சொல்லுங்க.