கமாண்டர் மாட்டிய புதுச்சட்டை

மலைமுகாமுக்குப் புதுச் சுமைச்சட்டைகள் வந்திறங்கின. நெஞ்சிலும் முதுகிலும் பைகளாகவே இருந்தன.

"பழைய பெல்ட்டும் தோள்வாரும் கிழட்டுச் சரக்கு. இனி இதுதான்! குறை சொல்றவனுக்கு லீவு கிடையாது" என்று முழங்கினார் தொப்பைக் கமாண்டர் திருவேங்கடநாதன்.

தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்த சிப்பாய் ஒச்சப்பனிடம், "எதுடா உசத்தி?" என்று கேட்டார்.

"புதுசுதான் ஐயா. நீங்களே மாட்டிக்கிட்டு முன்னால நடந்தா எங்களுக்கும் ஆசை வரும்."

கமாண்டருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாப் பைகளையும் நிரப்பி மாட்டிக்கொண்டு நடந்தார். ஓடைக்கரையில் வழுக்கி ஆமை மாதிரி மல்லாந்தார். எழ முடியவில்லை.

"கழட்டுங்கடா இந்தச் சனியனை!"

"எந்தக் கொக்கி ஐயா? எங்களுக்குக் கிழட்டுச் சரக்குதானே தெரியும்" என்றான் ஒச்சப்பன்.

கமாண்டருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒச்சப்பன் தன் பழைய பெல்ட்டிலிருந்து கத்தியை உருவி வார்களை அறுத்தான்.

அன்று மாலையே அவனுக்கு லீவு கிடைத்தது. முகாமில் இருந்தால் வாயைத் திறப்பானே என்று கமாண்டருக்குப் பயம். கல்யாணப் பந்தியில் திறந்தான், ஊரே சிரித்தது.