சுவத்துல நீந்தின ஜோடி வாத்து

ஒரு ஊர்ல ஒரு கண்ணாடிக்காரி இருந்தாளாம். சீன தேசத்துல, ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி. பேரு மின்ஷு, கண்ணாடி செய்யுறதுதான் தொழில். அப்போல்லாம் கண்ணாடின்னா கீழ விழுந்தா நொறுங்குற கண்ணாடி இல்ல, வெண்கலம். முன்பக்கம் மூஞ்சி தெரியும், பின்பக்கம் பூவும் பறவையுமா வார்த்திருக்கும். ம் கொட்டுடா, இல்லேன்னா அத்தை நிறுத்திடுவேன்.

"ம்."

அவ புருஷன் பேரு பெங். அவனை ராஜாவோட ஆளுங்க எல்லையில மதில் கட்ட இழுத்துட்டுப் போயிட்டாங்க. அஞ்சு வருஷமாச்சு, ஆளையே காணோம். அப்போ ஒருநாள் தண்டோரா, டம் டம் டம்! "ராணிக்கு நல்ல கண்ணாடி செஞ்சு தர்றவங்க என்ன கேட்டாலும் ராஜா குடுப்பார்!" மின்ஷு துள்ளி எழுந்தா. புருஷனைத் திருப்பிக் குடுன்னு கேட்டுட வேண்டியதுதானே!

செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி ஊத்துனா. முதல் கண்ணாடியில வெள்ளீயம் கூடிப்போச்சு, படார்னு வெடிச்சுது. ரெண்டாவது முழுக்கப் பொத்தல். மூணாவது, அடேயப்பா! பின்பக்கம் ஜோடி வாத்து, இறகெல்லாம் தெளிவா. அப்புறம் முன்பக்கத்தைத் தேய்ச்சா பாரு, சர்ர் சர்ர் சர்ர், ஒரு மாசம். புருஷன் மேல இருந்த ஆசையில கண்ணாடியை அப்பளமாட்டம் மெலிசாக்கிட்டா. வேற எந்தக் கண்ணாடிக்காரியும் அவ்வளவு தேய்க்கமாட்டா. தூங்கிட்டியா?

"இல்ல! அப்புறம்?"

அப்புறம் கூவெய் வந்தான். பக்கத்துப் பட்டறைக்காரன், படுபாவி. அவ குளிக்கப் போன நேரம் கண்ணாடியைத் திருடி, வாத்து மேல இன்னொரு தகட்டை ஒட்டி, அதுல புலியும் தன் பேரும் பொறிச்சு, அரண்மனைக்குக் கொண்டு போயிட்டான். விஷயம் தெரிஞ்சு மின்ஷு திடுதிடுன்னு ஓடினா.

"ராஜா, அது என் கண்ணாடி!"

"திருப்பிப் பாருங்க ராஜா. புலி இருக்கு, என் பேரு இருக்கு"ன்னான் கூவெய். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு...!

"உனக்கு என்னம்மா சாட்சி?"ன்னு கேட்டார் ராஜா. ஒண்ணுமில்ல. அழுதா. "கடைசியா ஒருதரம் கையில குடுங்க"ன்னு வாங்கி, வாசல் வெயில்ல பிடிச்சா. பளீர்! வெளிச்சம் எதிர்ச் சுவத்துல போய் விழுந்துச்சு. அதுல என்ன தெரிஞ்சுது சொல்லு?

"புலியா?"

வாத்துடா, வாத்து! அவ கண்ணாடியை அசைக்க அசைக்க, ஜோடியா சுவத்துல நீந்துது! அவ்வளவு மெலிசா தேய்ச்சதுல, வாத்து முன்பக்கமும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமா பதிஞ்சு கிடந்திருக்கு. வெயில் காட்டிக் குடுத்துடுச்சு.

"அந்தத் தகட்டைப் பேத்தெடுங்கடா!"ன்னு ராணியே கத்துனா. டொக்! புலி கீழ விழுந்துச்சு, அடியில வாத்து. கூவெய் மூஞ்சியில ஈயாடல.

"என்னம்மா வேணும்?"

"எம் புருஷன்."

ராஜா எல்லைக்கு ஆள் அனுப்ப, ஒருநாள் பெங் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். தாடியும் நரையுமா, எலும்பும் தோலுமா. பட்டறையில தொங்குன ஒரு கண்ணாடியில தன் மூஞ்சியைப் பாத்துட்டுப் பின்னாடி குதிச்சான். "யாருடி இந்தக் கிழவன்?"

மின்ஷு அழுகையும் சிரிப்புமா அந்தக் கண்ணாடியைச் சுவத்துப் பக்கம் திருப்பிட்டா. "உங்களைத்தான் நான் பாத்துக்கிட்டே இருக்கேனே. உங்களுக்கெதுக்கு அது?"

அவ்வளவுதான். கதை படுத்தாச்சு, நீயும் படு.