திருப்பி மாட்டிய டயர்

"ஏனுங்க அம்மணி, டயரைத் திருப்பி மாட்டினா ஆள் விழுவாங்களா?"

சலோமி காற்றுப் போன ட்யூப் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இத ஒட்டுங்க."

செங்கோடன் ஒட்டினார்.

"அப்புறம்?"

இன்னொரு ட்யூபைக் கொடுத்தாள்.

அப்படித்தான் அவர் அந்தப் பட்டறையில் சேர்ந்தார்.

*

காரவள்ளி. கொல்லிமலைப் பாதை அங்கேதான் ஏறத் தொடங்குகிறது. மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே, சாலையோரம், தகரக் கூரை போட்ட சைக்கிள் பட்டறை.

ஞாயிறுதோறும் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ரேஸ் சைக்கிள்காரர்கள் மலையேற வருவார்கள். அவர்கள் எல்லோருக்கும் சலோமியைத் தெரியும். நாற்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் மாநில அளவில் ஓட்டியவள். சொற்களை எண்ணி எண்ணித்தான் செலவு செய்வாள். அவளிடம் கேள்வி கேட்டால் வேலைதான் கிடைக்கும் என்று சைக்கிள்காரர்கள் சிரிப்பார்கள்.

செங்கோடனுக்கு ஐம்பத்தொன்பது. நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி டயர் மாட்டியவர். தினமும் காலை முதல் பஸ்ஸில் வருவார். வெயில் தாழ்ந்ததும் திரும்பிப் போவார். கூலி கேட்டதில்லை.

கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

*

அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் இருந்தது. நித்திலா. அவருடைய ஒரே மகள்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். சம்பளத்தில் சேர்த்து வைத்து, பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினாள். முன்சக்கரத்து டயர் தேய்ந்து போயிருந்தது. புது டயர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிந்ததும், செங்கோடன்தான் அதை மாட்டிக் கொடுத்தார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா? இது லாரி இல்ல."

"போடி. நான் மாட்டின டயரு டெல்லி வரைக்கும் போயிட்டு வந்திருக்குது."

டயரின் பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி இருந்தது. அது எதற்கு என்று அவருக்குத் தெரியும். சக்கரம் எந்தப் பக்கம் உருள வேண்டுமோ அந்தப் பக்கம் அம்பு பார்க்க வேண்டும்.

சைக்கிளைத் தலைகீழாக, சீட்டின் மேல் நிறுத்தி வைத்திருந்தார். மேலே தெரிந்த அம்பு முன்பக்கம் பார்க்கும்படி மாட்டினார். துடைத்தார். நிமிர்த்திக் கொடுத்தார்.

லாரியை யாரும் தலைகீழாக நிறுத்துவதில்லை.

தலைகீழாக நிற்கும் சைக்கிளில் மேலே இருப்பது, நிமிர்த்தினால் தரையில் இருக்கும். தரையில் முன்பக்கம் பார்க்கும் அம்பு, உருளும்போது பின்னால்தான் போகும்.

இது அவருக்கு உறைத்தது போலீஸ் ஸ்டேஷனில். சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை அடையாளம் காட்டச் சொன்னபோது.

அதே ஞாயிறு. பதினோராவது வளைவு. தூறல். இறங்கி வரும்போது வழுக்கி, தடுப்புச் சுவரில் மோதி இறந்திருக்கிறாள். பார்த்தவர் யாருமில்லை. "ஈர ரோடுங்க, என்ன பண்றது" என்றார் ஏட்டு.

செங்கோடன் அம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி பாவாயி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை. இரண்டு வருடமாக அவள் எதுவுமே கேட்பதில்லை.

*

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது.

எந்த வண்டி ரிப்பேருக்கு வந்தாலும், வெளியே போகுமுன் சலோமி குந்தி உட்கார்ந்து இரண்டு டயரிலும் அம்பைத் தேடுவாள். திரும்பி இருந்தால் கழற்றுவாள். நேராக மாட்டுவாள். அதற்கு ஒரு பைசா வாங்கமாட்டாள்.

முதல் வாரத்தில் இதைப் பார்த்ததும் செங்கோடன், பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். ஆனாலும் அவள் வாயால் கேட்க வேண்டும்.

"அப்படின்னா வித்தியாசம் இருக்குதுங்களே அம்மணி?"

"அந்த வீல்ல கோட்டம் இருக்கு. எடுங்க."

எடுத்தார். கம்பி கம்பியாக முறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்ப்பார். கோட்டம் போயிருக்கும். கேள்வி இருக்கும்.

இப்படி ஒன்பது மாதம்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிதரன் வந்தார். சேலத்தில் பல் டாக்டர். வாய் ஓயாத மனிதர்.

சலோமி அவருடைய டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஜாதகம் பாக்கறீங்களா? பொருத்தம் இருந்தாத்தான் மலையேற விடுவீங்களோ?"

அவள் நிமிரவில்லை.

"பின்னாடி டயரு திரும்பி இருக்கு."

"இருந்துட்டுப் போகுது, விடுங்க. கார் டயரு அகலம், தண்ணி மேல மிதக்கும். அதுக்குக் கோடு வேணும், திசை வேணும். இது கட்டைவிரல் அகலம். தண்ணியக் கிழிச்சுட்டுப் போயிரும். எப்படி மாட்டினாலும் ஒண்ணுதான்."

"அப்ப அம்பு எதுக்குப் போடறான்?" கேட்டது செங்கோடன்.

"அம்பு போடலீன்னா, எந்தப் பக்கம் மாட்டறதுன்னு ஊருப்பட்ட பேரு கேட்டுத் தொல்லை பண்ணுவாங்களாம் பெரியவரே. அதுக்காகத்தான் போடறாங்கன்னு படிச்சேன். சும்மா ஒரு திருப்திக்கு."

"சும்மாவா?"

"சும்மாதான். திருநீறு பூசிட்டுப் பரீட்சைக்குப் போற மாதிரி."

செங்கோடன் கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. விழுந்ததா, எறிந்தாரா என்று பரணிதரனுக்குத் தெரியவில்லை.

"முப்பது வருசம் டயரு மாட்டியிருக்கறேன். சும்மாங்கறீங்க. பல்லைப் புடுங்கறவருக்கு டயரப் பத்தி என்னங்க தெரியும்?"

பரணிதரன் சலோமியைப் பார்த்தார். அவள் அதற்குள் பின்சக்கரத்தைக் கழற்றியிருந்தாள்; டயரை நேராக மாட்டி, காற்றடித்துக் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்க டாக்டர். மழை வரும் போல இருக்கு."

அவர் போனார்.

சலோமி ஸ்பேனரை எடுத்துத் துடைத்தாள். ஆணியில் மாட்டினாள்.

"இத்தனை கோவம் எதுக்குங்க ஐயா? அவரு சொல்றது நெசமா இருந்தா உங்களுக்கு நல்லதுதான?"

செங்கோடன் ஆணியில் ஆடிய ஸ்பேனரைப் பிடித்து நிறுத்தினார்.

"நல்லதில்லீங்க."

"ஏன்?"

"அவ என்னால விழுந்தான்னா... என்னால விழுந்தான்னு இருக்கும். அதையும் புடுங்கிட்டா நான் எதை வெச்சுக்கறது?"

யாரைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததை அப்போது அவர் கவனிக்கவில்லை.

*

மழை வந்தது. அடித்துப் பெய்துவிட்டுத் தூறலாக நின்றது.

சலோமி எழுந்தாள். பட்டறையின் மூலையில், உத்தரத்துக் கொக்கியில் அவளுடைய சைக்கிள் தொங்கும். துணி போட்டு மூடியிருக்கும். அதை யாரும் தொடக்கூடாது. ஒன்பது மாதத்தில் செங்கோடனும் தொட்டதில்லை.

அதை இறக்கினாள்.

"எடுத்துட்டுப் போங்க. பதினொண்ணு வரைக்கும் ஏறி, இறங்கி வாங்க."

"பதினொண்ணா?"

"ம்."

"என்னால ஏற முடியாதுங்க."

"தள்ளிட்டுப் போங்க. இறங்கும்போது ஓட்டுங்க."

*

தள்ளிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் பலகையில் எண் எழுதியிருந்தது. நான்காவதில் மூச்சு வாங்கியது. எட்டாவதில் ஒரு குரங்கு அவரைப் பார்த்துவிட்டு, தர ஒன்றுமில்லை என்று தெரிந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பதினொன்று.

இந்த இரண்டு வருடத்தில் அவர் அங்கே வந்ததில்லை. கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த தடுப்புச் சுவர். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒரு கீறல் இல்லை. இந்த இடம்தான் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை.

கொஞ்சம் மேலே போய் ஏறி உட்கார்ந்தார். விட்டார்.

சாலை பளபளத்தது. வண்டி வேகம் எடுத்தது. காற்று கண்ணில் நீரை அடித்தது. சுவர் எதிரே வந்தது. பிரேக்கைப் பிடித்தார். பிடித்த அதே நொடியில் தனக்குள் ஒன்றைக் கண்டார்: வழுக்கட்டும் என்று அவர் காத்திருந்தார்.

வழுக்கவில்லை. டயர் ரோட்டைக் கவ்வியது. வண்டி சாய்ந்தது, வளைந்தது, நிமிர்ந்தது. சுவர் இடப்பக்கம் நழுவிப் போய்விட்டது.

பத்து. ஒன்பது. எட்டு. குரங்கு அங்கேயே இருந்தது.

கீழே வந்து சேர்ந்தபோது நனைந்து அழுதுகொண்டிருந்தார்.

"எப்படி இருந்துச்சுங்க?"

"நல்லாப் புடிச்சுதுங்க. துளிகூட வழுக்கல." தோள் குலுங்கியது. "பாத்தீங்களா அம்மணி. நேரா மாட்டின டயரு. நேரா மாட்டியிருந்தா எம்புள்ளையும் இப்படித்தான இறங்கி வந்திருப்பா? இதே ரோடு, இதே தூறல். நாந்தான். எங்கையிதான் அவளைக் கொன்னுபோட்டுது."

சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஏதோ இளகியது. நெடுநாள் சுமந்ததை வைக்க ஒரு இடம் கிடைத்தது போல.

சலோமி சைக்கிளைச் சுட்டிக் காட்டினாள்.

"முன் டயர்ல அம்பப் பாருங்க."

குனிந்தார். ஈரத்தை விரலால் துடைத்தார். சக்கரத்தை உருட்டினார். மறுபடி உருட்டினார்.

அம்பு பின்னால் போனது.

இன்னொரு முறை உருட்டினார்.

"இது திரும்பி இருக்குதுங்க."

"ஆமா."

"மறந்துட்டீங்களா?"

"நாந்தான் திருப்பி மாட்டினேன். ரெண்டு வருசமா அப்படித்தான் இருக்கு."

செங்கோடன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவ ஏன் விழுந்தா?"

"தெரியாதுங்க ஐயா."

"இலை கெடந்துதா? எண்ணெய் கொட்டியிருந்துதா?"

"தெரியாது."

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க அம்மணி. பொய்யாவது சொல்லுங்க."

சலோமி அவர் எதிரே குந்தினாள். டயர் பார்க்க உட்காருவது போலவே.

"அன்னைக்கு காலைல அந்தப் புள்ள இங்கதான் காத்தடிச்சா. 'எங்கப்பா டயரத் திருப்பி மாட்டிட்டாருக்கா, முப்பது வருச சர்வீஸ்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. கழட்டி நேரா மாட்டித் தரட்டுமான்னு கேட்டேன். 'இருங்க, நானே சாயந்திரம் அவருகிட்டயே குடுத்து மாட்டச் சொல்றேன், அவரு மூஞ்சியப் பாக்கணும்'னு சொன்னா."

செங்கோடன் விரலை அந்த அம்பின் மேல் வைத்தார்.

"நானும் விட்டுட்டேன். திரும்பி இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்."

"தெரிஞ்சும் எதுக்கு அம்மணி எல்லா வண்டியிலயும் அம்பு பாக்கறீங்க?"

அவள் சைக்கிளைத் தூக்கினாள். ஈரத்தைக்கூடத் துடைக்காமல் கொக்கியில் மாட்டினாள். துணியை இழுத்து மூடினாள்.

"உங்க வண்டியில மட்டும் ஏன் திருப்பி மாட்டி வெச்சிருக்கறீங்க?"

"மழை வர்றப்பல்லாம் இத எடுத்துட்டுப் பதினொண்ணுக்குப் போவேன்."

"போயி?"

"அவ வந்திருப்பாங்கற வேகத்துல இறங்குவேன்."

"இறங்கி?"

சலோமி துணியின் முனையைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒவ்வொரு தடவையும் பத்திரமாக் கீழ வந்துடறேங்க ஐயா."