கொடி வார்த்த திருமஞ்சனம்

கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் நீர் பாய்ச்சும் கூலியாளாக இருந்தவர் மொக்கையனார். பந்தலின் மூத்த கொடிக்கு அடியில், கூரையில்லாமல் ஒரு சிறு லிங்கம் இருந்தது. கொடியடி ஈசர் என்பார்கள். விடியலில் அவருக்கு ஒரு செம்பு நீர் வார்த்த பிறகே மொக்கையனார் மண்வெட்டியைத் தொடுவார்.

அந்தக் கோடையில் கிணறு வற்றியது. வீட்டுக்கு ஒரு குடம் லாரித் தண்ணீர்தான். மூத்த கொடியின் இலைகள் வெயிலுக்கு முகம் காட்டாமல் மடிந்தன. அடியிலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. நடுப்பகலில் மொக்கையனார் புறங்கையால் இலையைத் தொட்டுப் பார்ப்பார். நீர் குடிக்கும் இலை எந்த வெயிலிலும் குளிர்ந்திருக்கும். இப்போதோ காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி போலச் சுட்டது. இருக்கும் ஈரத்தைக் காக்க இலை தன் நுண்ணிய வாய்களை மூடிக்கொண்டுவிட்டது. அவை இனித் திறக்காமலே போய்விடுமோ என்று அவர் அஞ்சினார்.

தோட்டத்து முதலாளி அழகுராசா வந்து ஓர் இலையைக் கையில் நொறுக்கினார்.

"செத்துப்போச்சு மொக்கையா. வெள்ளிக்கிழமை ரம்பம் போட்டுருவோம். ஒஞ் சாமிய வேற எங்கயாச்சும் தூக்கி வச்சுக்க."

"எலைதான் மொதலாளி காயுது. கொடி தன்னயக் காப்பாத்திக்கத்தான் உதுக்குது. உசுரு இருக்கு."

"ஒரு சொட்டு ஈரத்தக் காட்டு, விட்டுர்றேன்."

மூன்றே நாட்கள். மனைவி பேச்சியம்மாள் தன் பங்குக் குடிநீரையும் எடுத்து வைத்தார். அப்போதும் வேருக்குப் போதவில்லை. மிச்சம் இருந்தது ஈசருக்கு வார்க்கும் செம்பு நீர் ஒன்றுதான்.

மொக்கையனார் அந்தச் செம்பை எடுத்தார். "கோவம்னா எம்மேல வையி சாமி. கொடிய விட்டுரு" என்று சொல்லி, வெயில் தாழ்ந்ததும் அதையும் வேரிலேயே ஊற்றினார்.

முப்பது ஆண்டுகளில் முதல்முறையாக லிங்கம் காய்ந்து கிடந்தது. "சாமியவே பட்டினி போட்டாரு நம்ம பக்தரு" என்று கூலியாட்கள் சிரித்தார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் ரம்பத்தோடு வந்தார் அழகுராசா. மொக்கையனார் நிமிர்ந்து பார்க்க அஞ்சி, லிங்கத்தையே பார்த்து நின்றார். அதன் உச்சி நனைந்திருந்தது.

பனியே இறங்காத கோடை அது. தலைக்கு மேலே, ஓர் இளம் இலையின் பல்விளிம்பில் வேர் ஏற்றியனுப்பிய நீர் முத்து முத்தாய்க் கோத்து நின்றது. ஒரு சொட்டு திரண்டு, ஈசரின் உச்சியில் விழுந்தது. பின் இன்னொன்று.

அழகுராசா ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

வேரில் ஊற்றியதைத் தன் திருமுடியில் ஏற்றுக்கொண்டார் கொடியடி ஈசர். அஞ்சி அஞ்சி வார்த்த மொக்கையனாரின் அந்தக் கை வாழ்க.