மூன்றாம் சேனல்

"தாயே, என் மக மூஞ்சி பாதியிலயே நின்னுபோகுதுங்க. தொறந்த வாய் தொறந்தபடி நிக்குது. சரி பண்ணிக் குடுங்க," என்றான் மாசிலாமணி.

தட்டை முன்னால் வைத்தான். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை. நடுவில் இரண்டு கொம்பு முளைத்த வைஃபை பெட்டி.

வாசல் காக்கும் சீடர் பரிபூரணர் பதறிப்போனார்.

"ஐயனே! இது பிறவிப்பிணி தீர்க்கும் மடம். இணையப்பிணி தீர்க்குமிடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ளது."

"அங்க போனேனுங்க சாமி. புதுசு வாங்குங்கறான். இது என் மக செவ்வந்தி குவைத்துக்குப் போறதுக்கு முந்தி அவ கையால மாட்டின பொட்டி. மாத்த மாட்டேன்."

குருமாதா பெட்டியைக் கையில் எடுத்தார்.

இந்த மலை மடத்துக்கு வருமுன் பெரிய பெரிய ஆபீஸ்களில் இந்தப் பெட்டிகளை மாட்டிக் கொடுப்பதுதான் அவர் வேலை. இங்கே வந்தபின் அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் மோட்சத்தையே கேட்டார்கள்.

அவர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு நிம்மதி தெரிந்தது.

"மக என்னதான் சொல்றாங்க?"

"அதாங்க தெரியல. 'அப்பா, ஒரு விஷயம்' அப்படிங்கறா. அதோட நின்னுபோகுது. ஒவ்வொரு தடவையும் அங்கயே."

"எழுதி அனுப்பச் சொல்லலாமே."

"எழுதற விஷயம் இல்லையாம்."

"சாதாரண போன்ல?"

"வீட்டுக்குள்ள சிக்னல் எட்டாதுங்க. மொட்டைமாடிக்குப் போனா கிடைக்கும். மாடி அண்ணன் பங்கு."

"தெருவுல நின்னு?"

"தெருப்பக்கம் தங்கச்சி வீட்டு ஜன்னலுங்க."

குருமாதா தலையசைத்தார்.

"அப்பா கட்டின வீடு," என்றான் மாசிலாமணி. "சொவரு வெச்சு மூணாப் பிரிச்சாச்சு. அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தங்கச்சி, நடுவுல நான்."

"பேச்சு?"

"அதுக்கும் சேத்துத்தான் சொவரு வெச்சோம். பிள்ளைங்க மட்டும் எல்லார்கிட்டயும் பேசும்."

"பொட்டி எந்தச் சேனல்ல இருக்கு?"

காற்றில் இந்தப் பெட்டிகள் பேசும் தடத்துக்குச் சேனல் என்று பேர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தக் கேள்விக்காகவே வந்தவன் போலிருந்தான்.

"போன்ல ஒரு ஆப் போட்டுப் பாத்தேனுங்க. மலை மலையா வரைஞ்சு காட்டுச்சு. அண்ணன் ஒண்ணுல இருக்கான். தங்கச்சி ஆறுல. பதினொண்ணுல தெருவே இருக்கு. யாரு சங்காத்தமும் நமக்கு வேண்டாம்னு, ஆளில்லாத எடமாப் பாத்து மூணுல வெச்சேன்."

குருமாதா கண்ணை மூடிக்கொண்டார்.

"தியானம்," என்று பரிபூரணர் கிசுகிசுத்தார்.

"தலைவலி," என்றார் குருமாதா.

பிறகு எழுந்தார்.

"பரிபூரணரே, நாளைக்கு என்ன சமைக்கலாம்?"

"பூசணி உள்ளது, தாயே."

"புடலை?"

"அதுவும் உள்ளது. ஆனால் முற்றல்."

ஒருவர் பேச, மற்றவர் பொறுத்தார். மற்றவர் பேச, இவர் பொறுத்தார்.

"நீங்க அந்த வாசப்படியில நில்லுங்க," என்றார் குருமாதா மாசிலாமணியிடம். "காதைப் பொத்திக்குங்க. மகளைக் கூப்பிடுங்க. நல்லா சத்தமா. நிறுத்தக் கூடாது."

மாசிலாமணி நின்றான். பொத்தினான். கூப்பிட்டான்.

"செவ்வந்தீ! ஏ செவ்வந்தீ!"

குருமாதா பூசணி என்றார். பரிபூரணர் என்ன என்றார். புடலையா என்றார். கையை ஆட்டினார். மடத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன.

குருமாதா அவன் கைகளைக் காதிலிருந்து இறக்கிவிட்டார்.

"என்ன சமையல்னு முடிவாச்சு?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே."

"எங்களுக்கும்தான். உங்க மகளுக்குக் கேட்டுச்சா?"

மாசிலாமணி திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தான்.

"மூணு காலி எடம் இல்லீங்க; ஒண்ணுலயும் ஆறுலயும் பேசுறது அங்க வந்து மோதும், உங்க சத்தமும் அவங்க மேல மோதும். ஒண்ணாம் சேனலுக்குப் போங்க."

"அண்ணன் இருக்கற எடத்துக்கா?"

"ஒரே சேனல்ல இருந்தாத்தான் அவரு பொட்டி பேசுறது உங்க பொட்டிக்கு விளங்கும். அது முடிக்கிற வரைக்கும் இது பொறுத்துக்கும். இது பேசுறப்ப அது பொறுத்துக்கும்."

"அவன் முடிக்கிற வரைக்கும் நான் கைகட்டி நிக்கணும்."

"நீங்க இல்ல. பொட்டி."

"பொட்டியும் எம்பொட்டிதானுங்களே."

"அப்ப ஆறுக்குப் போங்க. தங்கச்சிகூட."

"அதுக்கு அண்ணனே தேவலாம்," என்று எழுந்துபோனான்.

மறுநாள் மடத்தில் பூசணியும் இல்லை, புடலையும் இல்லை. வெறும் ரசம்.

சில வாரங்கள் கழித்து மாசிலாமணி மறுபடி வந்தான். அதே தட்டு. அதே பெட்டி. கொம்பு மட்டும் நீளமாகியிருந்தது.

"மாத்தினீங்களா?" என்றார் குருமாதா.

"நீளக் கொம்பா வாங்கிப் போட்டேன். பவரை முழுசா ஏத்தினேன்."

"சேனல்?"

"மூணுதான்."

பரிபூரணர் காதைப் பொத்திக்கொண்டார்.

"மக கூப்பிட்டா. 'அப்பா, ஒரு விஷயம்' அப்படின்னா. நின்னுபோச்சு. ஆத்திரத்துல வயரைப் புடுங்கிட்டேன்."

"அப்புறம்?"

"பொட்டி அணைஞ்சு கொஞ்ச நேரந்தான். சொவத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் போன் அடிச்சுது. ஸ்பீக்கர்ல எம்மக கொரலு. ஒரு சொல்லு வெட்டல."

"என்ன சொன்னாங்க?"

"'பெரியப்பா, இன்னைக்குத்தான் உங்க வீட்டுலயும் சுத்தமாக் கேக்குது'ன்னா. சிரிச்சா."

குருமாதா பெட்டியைப் பார்த்தார். மாசிலாமணியும் பார்த்தான்.

"அவகூட வேலை பாக்கற பையனாம். 'வர்ற வியாழக்கிழமை கல்யாணத்தைப் பதிவு பண்ணலாம்னு இருக்கோம். அப்பா சரின்னு சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன். நீங்க கேட்டுச் சொல்லுங்க பெரியப்பா'ன்னா."

"கேட்டாரா?"

"அவன் நாற்காலியை இழுத்துட்டு வந்து சொவத்தோரம் உக்காந்தான். சத்தம் கேட்டுச்சு. நானும் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உக்காந்தேன். இருமினான். நானும் இருமினேன்."

"அப்புறம்?"

"அவன் கேக்கட்டும்னு நான் இருந்தேன். எங்காதுல விழுந்திருக்கும், நானே வாய் தொறக்கட்டும்னு அவன் இருந்திருப்பான். அப்படியே விடிஞ்சு, அப்படியே நாலஞ்சு நாள் போச்சுங்க."

"நீங்களே மகளைக் கூப்பிட்டிருக்கலாமே."

"ஒட்டுக் கேட்டேன்னு எப்படிங்க சொல்றது? அவனைத்தான் கேக்கச் சொன்னா. அவனில்ல கேக்கணும்."

"அந்த வியாழக்கிழமை என்னைக்கு?"

"நேத்து."



"உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?" என்றார் குருமாதா.

மாசிலாமணியின் கண் நிறைந்தது.

"சம்மதம் இல்லாம என்னங்க? எம்மக சிரிச்சது காதுல விழுந்தப்பவே சரின்னு சொல்லிட்டேனே. மனசுக்குள்ள."

குருமாதா தட்டை அவன் பக்கமே நகர்த்தினார்.

"எந்தச் சேனல்ல சொன்னீங்க?"